முதலிடம் யாருக்கு என்று பிப்ரவரியில் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2026 பிப்ரவரி 11-ஆம் தேதி பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் கார்களின் சோதனை ஓட்டம் தொடங்குகிறது. மூன்று நாள் ஓட்டம், சில நாள் இடைவெளி, பிறகு மீண்டும் மூன்று நாள். மார்ச் முதல் வார இறுதியில் மெல்போர்னில் முதல் பந்தயம். இந்தச் செய்திகளைத் தமிழில் தொடர்ந்து போடும் நாளிதழ்கள் குறைவு. நீங்கள் விடாமல் போடுகிறீர்கள். அந்த நன்றியோடுதான் இந்த வேண்டுகோளை எழுதுகிறேன்: சோதனை ஓட்டத்தின் சுற்று நேரங்களைத் தரவரிசைப் பட்டியல்போல அச்சிடுவதை இந்த ஆண்டாவது நிறுத்துங்கள்.

சென்ற ஆண்டு பிப்ரவரி இறுதியில் வந்த செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். வில்லியம்ஸ் அணியின் கார்லோஸ் சைன்ஸ் 1 நிமிடம் 29.348 விநாடியில் ஒரு சுற்றை முடித்து முதலிடம். ஃபெராரியின் லூயிஸ் ஹாமில்டன் 0.031 விநாடி பின்தங்கி இரண்டாமிடம். அவருடைய அணித்தோழர் சார்ல்ஸ் லெக்லெர் மூன்றாமிடம். எண்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள்? ஃபெராரிக்குப் போன முதல் ஆண்டிலேயே ஹாமில்டன் எட்டாவது பட்டத்தை வாங்கிவிடுவார் என்றுதான். பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகனும் அவன் நண்பர்களும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதையே பேசினார்கள். அந்த ஆண்டின் 24 பந்தயங்களில் ஃபெராரி ஒன்றில்கூட வெல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் ஒன்றில்கூட ஹாமில்டன் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. சைன்ஸ் இரண்டு முறை மூன்றாமிடம் பிடித்தார், நல்ல ஓட்டங்கள்தான், ஆனால் வில்லியம்ஸுக்கு வெற்றி கிடைக்கவில்லை. பட்டம் மெக்லாரனின் லாண்டோ நாரிஸுக்குப் போனது. 24-ல் 14 பந்தயங்களை மெக்லாரன் வென்றது. உங்கள் முதல் மூவர் பட்டியலில் நாரிஸ் பெயரே இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. அம்பத்தூரில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், காரிலேயே நேரம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் வருவதற்கு முந்தைய காலத்தில், நேரம் குறிப்பவர்களோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். இன்னொருவர் மடியில் லேப் சார்ட். கோட்டைத் தாண்டும் காரின் எண்ணை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர் கட்டத்தில் எழுதுவார்.

அங்கே ஒரு சனிக்கிழமைப் பயிற்சி இன்றும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. ஒரு மெக்கானிக், லிட்டர் கோடு போட்ட வெள்ளைக் கேனைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, பெட்ரோல் ஒரு கோடு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தினார். நாலு சுற்றுக்குப் போதுமானதுதான் டேங்கில் போனது. நான்கு டயரும் புதியவை, ஒட்டியிருந்த லேபிள்கூட உரியவில்லை. அந்தப் பையன் மூன்றாவது சுற்றிலேயே எங்கள் பட்டியலின் உச்சிக்கு வந்துவிட்டான். பார்வையாளர் பக்கம் கைதட்டல். பிட் சுவரில், அதாவது கார்கள் வந்து நின்று போகும் பகுதியின் ஓரத்தில், நின்ற மற்ற அணிக்காரர்கள் யாரும் அசையவில்லை, கேனை அவர்களும் பார்த்திருந்தார்கள். மறுநாள் பந்தயத்தில் அவன் நடுவரிசையில் முடித்தான். அவன் காருக்கு அது நியாயமான இடம்.

ஃபார்முலா ஒன்னில் அந்தக் கேனை யாராலும் பார்க்க முடியாது. எவ்வளவு எரிபொருள் ஊற்றினார்கள் என்பது அந்தந்த அணிக்கு மட்டும்தான் தெரியும், வெளியே சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இதன் அளவை வாசகர்களுக்குப் புரியவைத்தால் போதும், மற்றவை தானாகப் புரியும். 2025 வரை இருந்த விதிப்படி பந்தயத்துக்கு ஒரு கார் 110 கிலோ வரை எரிபொருள் வைத்துக்கொள்ளலாம். பத்துக் கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி கூடும். தடத்துக்குத் தடம் சற்று மாறினாலும் கணக்கு இதைச் சுற்றித்தான். அதாவது டேங்க் நிறைந்த காருக்கும் கிட்டத்தட்டக் காலியான காருக்கும் இடையே சுற்றுக்கு மூன்று விநாடி வித்தியாசம். சைன்ஸுக்கும் ஹாமில்டனுக்கும் இடையே நீங்கள் அச்சிட்ட 0.031 விநாடி வித்தியாசத்தை, ஒரே ஒரு கிலோ எரிபொருள் அழித்துவிடும். பாத்திரத்தோடு நெய்யை நிறுத்து, பாத்திரத்தின் எடையைச் சொல்லாமல் விட்டால், அந்த எடையை வைத்து யார் விலை பேசுவார்கள்?

அடுத்தது டயர். பிரெல்லி நிறுவனம் தரும் டயர்கள் சி1 என்ற கடினமான ரகத்தில் தொடங்கி மென்மையான ரகங்கள் வரை படிப்படியாகப் போகின்றன. ஒரு படி மென்மையாகப் போனால் ஒரு சுற்றுக்குச் சுமார் அரை விநாடி குறையலாம். சோதனை ஓட்டத்தில் எந்த அணி எந்த ரகத்தை எப்போது போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இயந்திரத்தின் சக்தியையும் குறைத்து வைத்து ஓட்டலாம். நேர்கோட்டின் கடைசியில் வேகம் அளக்கும் இடத்துக்குச் சற்று முன்பே ஓட்டுநர் காலை எடுத்துவிட்டால், இயந்திரத்தின் உண்மையான வலு போட்டி அணிகளுக்குத் தெரியாது. பந்தய நாளில் குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் காரைத் தகுதிநீக்கம் செய்வார்கள். சோதனை நாளில் பரிசுமில்லை, புள்ளியுமில்லை, ஆகவே அந்தக் கெடுபிடியும் இல்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கம்பிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு காற்றழுத்தம் அளக்கும் காரும், பக்கவாட்டில் பச்சைச் சாயம் பூசிக் காற்று போகும் வழியைப் பார்க்கும் காரும், முழு வேகத்தில் போகும் காரும் ஒரே நேரத்தில் தடத்தில் இருக்கும். உங்கள் அட்டவணையில் மூன்றும் அடுத்தடுத்த வரிசையில் வரும்.

பஹ்ரைனில் நேரம் இன்னொரு சிக்கல். காலை 10 மணிக்குத் தொடங்கி, நடுவில் ஒரு மணி நேர இடைவேளை விட்டு, மாலை 7 மணிவரை ஓடுகிறார்கள். பகலில் தடம் சூடு, பாலைக்காற்று மணலைக் கொண்டுவந்து போடும். சூரியன் இறங்கி விளக்கு போட்ட பிறகு தடம் குளிர்ந்து டயருக்குப் பிடிப்பு கூடும். பந்தயமும் அந்த நேரத்தில்தான் நடக்கும் என்பதால், வேகச் சுற்றுகளைப் பெரும்பாலும் அந்தக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். காலையில் ஓடிவிட்டு காரை அணித்தோழரிடம் ஒப்படைத்தவரையும் மாலையில் ஓடியவரையும் ஒரே பட்டியலில் ஒப்பிடுவதில் நியாயம் இல்லை. சென்ற ஆண்டு பிப்ரவரியில் பஹ்ரைன் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருந்தது, தூறல்கூட விழுந்தது. ஏப்ரலில் அதே தடத்தில், பந்தயத்தை யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்யும் தகுதிச் சுற்று நடந்தபோது மெக்லாரனின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி முதலிடம் பிடித்த நேரம் 1:29.841. சைன்ஸின் பிப்ரவரி நேரம் அதைவிட ஏறக்குறைய அரை விநாடி குறைவு. உலகப் பட்டம் வென்ற மெக்லாரன் காரைவிட வில்லியம்ஸ் அரை விநாடி வேகமான கார் என்று யாராவது சொல்ல முடியுமா?

இதையெல்லாம் பொதுவாகச் சொன்னால் நம்பிக்கை வராது என்பதால் ஒரே ஓர் ஆண்டை விரிவாக எடுத்துக்கொள்கிறேன். 2019. பார்சிலோனாவில் எட்டு நாள் சோதனை. கடைசி நாளான மார்ச் 1 அன்று ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டல் 1:16.221. மெர்சிடிஸின் ஹாமில்டன் 1:16.224. வித்தியாசம் 0.003 விநாடி. இருவரும் அன்று இருந்தவற்றில் மிக மென்மையான சி5 டயரில் அந்த நேரத்தைப் போட்டார்கள். டயர் ஒன்று, நாள் ஒன்று, தடம் ஒன்று. இதைவிட நியாயமான ஒப்பீடு கிடைக்காது என்றுதான் தோன்றும். ஃபெராரி அரை விநாடிவரை முன்னால் இருக்கலாம் என்று ஹாமில்டனே அப்போது சொன்னார். உலகமே இந்த ஆண்டு ஃபெராரி என்றது.

பதினைந்தே நாளில் மெல்போர்ன் தகுதிச் சுற்று. ஹாமில்டன் முதலிடம், வெட்டல் அவரைவிட 0.704 விநாடி பின்னால். பந்தயத்தில் ஹாமில்டனின் அணித்தோழர் போட்டாஸ் வென்றார், ஹாமில்டன் இரண்டாவது, வெட்டல் ஏறத்தாழ 57 விநாடி பின்தங்கி நான்காவது. அது வேறு தடம், வேறு சூழல் என்று வாதிடலாம். அதனால்தான் மே மாதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஸ்பெயின் கிராண்ட் பிரி, சோதனை நடந்த அதே பார்சிலோனா தடம். வெட்டலின் தகுதிச் சுற்று நேரம் 1:16.272. பிப்ரவரி-மார்ச்சில் அவர் போட்டதற்கும் இதற்கும் நூற்றில் ஐந்து பங்கு விநாடிதான் வித்தியாசம். மெர்சிடிஸின் போட்டாஸ் அதே தகுதிச் சுற்றில் 1:15.406. ஃபெராரி இருந்த இடத்திலேயே நிற்க, மெர்சிடிஸ் முக்கால் விநாடிக்கு மேல் இறங்கிவிட்டது. அதுவும் மே மாதப் பந்தயத்துக்கு பிரெல்லி கொண்டுவந்த மிக மென்மையான ரகம் சி3 மட்டுமே, சோதனையில் இருந்த சி5-ஐவிட இரண்டு படி கடினம். இடையில் இரு அணிகளும் புதிய பாகங்களைப் பொருத்தின, உண்மை. ஆனால் 0.003 விநாடி 0.866 விநாடி ஆனதைப் பாகங்களால் மட்டும் விளக்க முடியாது. மார்ச் 1 அன்று இரு டேங்குகளிலும் இருந்த எரிபொருள் எவ்வளவு, இரு இயந்திரங்களும் எந்த அளவுக்குத் திறந்திருந்தன என்பதை அந்த மூன்று இலக்கம் சொல்லவில்லை. அந்த ஆண்டின் முதல் ஐந்து பந்தயங்களிலும் முதல் இரண்டு இடங்கள் மெர்சிடிஸுக்குப் போயின.

சில அணிகள் வேகத்தை ஒளிக்கும், சில அணிகள் இல்லாத வேகத்தைக் காட்டும். 2001 குளிர்காலத்தில் பிரோஸ்ட் அணியின் ஜான் அலேசி சோதனைப் பட்டியல்களில் அடிக்கடி உச்சியில் இருந்தார். பணமில்லாத அணி, விளம்பரதாரர் தேடுகிறது, எடை குறைத்து ஓட்டுகிறார்கள் என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பருவம் முழுவதற்கும் அணிக்குக் கிடைத்தது 4 புள்ளி. அடுத்த ஜனவரியில் அணியே இல்லை. எட்டு ஆண்டு கழித்து இதே காட்சி. ஹோண்டா விலகிப் போக, ராஸ் பிரான் அந்த அணியை எடுத்து நடத்துகிறார். வெள்ளைக் காரில் விளம்பரமே இல்லை. 2009 மார்ச்சில்தான் கார் முதன்முதலாகத் தடத்துக்கு வந்தது, பார்சிலோனாவில் எல்லோரையும் விட வேகமாக ஓடியது. பிரோஸ்டுக்குச் சொன்ன அதே காரணத்தை இவர்களுக்கும் சொன்னவர்கள் உண்டு. பிரான் அணி மெல்போர்னில் முதல் இரண்டு இடங்களையும் எடுத்தது. ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்று அந்த ஆண்டு சாம்பியன் ஆனார். பிரோஸ்டையும் பிரானையும் பட்டியலில் உள்ள ஒற்றைச் சுற்று நேரத்தால் பிரித்தறிய முடிந்திருக்காது. 2022-இல் மெர்சிடிஸ் எங்கள் கார் குதிக்கிறது, வெல்லும் நிலையில் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னபோது, ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பலரும் எழுதினார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அந்த ஆண்டு அவர்களுக்கு ஒரே ஒரு வெற்றி, அதுவும் நவம்பரில் பிரேசிலில்.

அப்படியானால் சோதனை ஓட்டத்தில் ஒன்றுமே தெரியாதா? தெரியும். நிறையவே தெரியும். தேடும் இடம்தான் வேறு.

ஒரு கார் பிட்டுக்குத் திரும்பாமல் பதினைந்து, இருபது சுற்று ஓடும்போது ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பஹ்ரைனில் ஒரு சுற்று 5.412 கிலோமீட்டர், பந்தயம் 57 சுற்று. சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 கிலோ எரிபொருள் செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே கார் ஒவ்வொரு சுற்றிலும் இலேசாகிக்கொண்டே போகும். டயர் தேயாமல் இருந்தால் நேரம் சுற்றுக்கு 0.05 விநாடி வீதம் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் ஏறுகிறது என்றால் அது டயர் தின்னும் நேரம்.

உதாரணத்துக்கு, எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன், இவை எந்த அணியின் நேரமும் இல்லை. ஒரு கார் முதல் சுற்றில் 1:36.0, பதினைந்தாவது சுற்றில் 1:36.7. இன்னொரு கார் முதல் சுற்றில் 1:35.6, பதினைந்தாவதில் 1:37.4. இடையில் இரண்டும் சீராக ஏறின. இந்தப் பதினைந்து சுற்றில் இரண்டு காரும் எரித்த எரிபொருள் சுமார் 25 கிலோ, அதனால் கிடைத்திருக்க வேண்டிய ஆதாயம் முக்கால் விநாடி. அதையும் சேர்த்தால் முதல் காரின் டயர் இழந்தது ஏறக்குறைய ஒன்றரை விநாடி, இரண்டாவது காரின் டயர் இழந்தது இரண்டரை விநாடிக்கு மேல். நாளிதழில் இரண்டாவது கார் மேலே வரும், அதன் சிறந்த சுற்று 1:35.6 அல்லவா? ஆனால் பதினைந்து சுற்றையும் கூட்டினால் முதல் கார் இரண்டு விநாடிக்கு மேல் முந்தியிருக்கும். ஐம்பத்தேழு சுற்றுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இதிலும் தொடக்க எரிபொருள் தெரியாதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தொடக்க எரிபொருள் மாறினால் மொத்த நேரம் மேலும் கீழும் நகரும், ஏறும் வீதம் அவ்வளவு எளிதில் மாறாது. டயரைக் காப்பாற்றும் கார் எது என்பதை அந்த வீதம் காட்டிவிடும். அதைவிட உறுதியான ஒரு சந்தர்ப்பமும் உண்டு. சில மாலைகளில் ஓர் அணி முழுப் பந்தய ஒத்திகை நடத்தும். கார் 57 சுற்றும் ஓடும், பிட் லேனில் நின்று டயர் மாற்றும், கராஜுக்குள் போகாது. நடுவில் எரிபொருள் ஊற்றாமல் அத்தனை சுற்றையும் முடிக்க வேண்டுமென்றால் தொடங்கும்போது நூறு கிலோ அளவுக்கு டேங்கில் இருந்தே ஆக வேண்டும். அந்த ஒரு நேரத்தில் மட்டும் கேன் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே மாலையில் இரண்டு மூன்று அணிகள் இந்த ஒத்திகையை நடத்தினால், அதற்கு மேல் நல்ல ஒப்பீடு மெல்போர்ன் போகும்வரை கிடைக்காது.

சென்ற ஆண்டு சைன்ஸ் பட்டியலின் உச்சிக்குப் போன அதே நாளில்தான் நாரிஸ் அப்படி ஓர் ஒத்திகை ஓடினார். அதே மாலை மற்ற அணிகள் ஓடிய நீண்ட ஓட்டங்களைவிட அது தெளிவாக வேகமாக இருந்தது. சுற்று நேரங்களைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அன்றே மெக்லாரன் என்று சொல்லிவிட்டார்கள். 2023-லும் அப்படித்தான். மூன்று நாள் ஒட்டுமொத்தப் பட்டியலின் முதல் மூவர் பெரெஸ், ஹாமில்டன், போட்டாஸ். முந்தைய ஆண்டு ஏழாமிடத்தில் முடித்த ஆஸ்டன் மார்ட்டின் அணியின் அலோன்சோ அந்த மூவரில் இல்லை. அவருடைய நீண்ட ஓட்டங்களைப் பார்த்தவர்களுக்கு மட்டும் ஏதோ நடக்கப் போகிறது என்று புரிந்தது. முதல் பந்தயத்தில் அவர் மூன்றாமிடம், அந்த ஆண்டு மொத்தம் எட்டு முறை முதல் மூவருக்குள் வந்தார்.

எத்தனை சுற்று ஓடினார்கள் என்ற எண்ணும் ஒதுக்கத் தக்கதன்று. விதிகள் தலைகீழாக மாறும் ஆண்டுகளில் அதுதான் முதல் செய்தி. 2014-இல் டர்போவும் மின் மோட்டாரும் சேர்ந்த புதிய இயந்திரங்கள் வந்தன. ஸ்பெயினின் ஹெரேஸில் நான்கு நாள் சோதனை. நான்கு தொடர்ப் பட்டங்களோடு வந்த ரெட் புல் நான்கு நாளும் சேர்த்து ஓடியது 21 சுற்று. மெர்சிடிஸ் 309 சுற்று. அந்த வாரத்தின் வேகமான சுற்று மெக்லாரனின் கெவின் மேக்னுசனுடையது, அதை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 16-ஐ மெர்சிடிஸ் வென்றது. ரெட் புல் பிறகு தேறி மூன்று பந்தயம் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். சுற்று எண்ணிக்கை ஆண்டு முழுவதுக்குமான தீர்ப்பு ஆகாது, முதல் சில வாரங்களில் யார் நிம்மதியாக இருப்பார்கள் என்பதைச் சொல்லும்.

சோதனை நாட்களைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோவையின் நரேன் கார்த்திகேயனைவிட நமக்கு நெருக்கமான சான்று தேவையில்லை. 2011-இல் அவருடைய எச்.ஆர்.டி. அணியின் புதிய கார் சோதனை நாட்களில் ஒரு சுற்றுக்கூட ஓடவில்லை, மெல்போர்ன் போய்த்தான் முதன்முதலாக ஓடியது. தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் பதிவான மிக வேகமான நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வராதவர்களுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்ற விதியால் அவரும் அணித்தோழரும் ஞாயிறன்று பார்வையாளர்களாக நின்றார்கள். 2012-லும் புதிய கார் சோதனை நாட்களுக்கு வந்து சேரவில்லை, மெல்போர்னில் அதே கதி. இரண்டு ஆண்டும் அடுத்த பந்தயமான மலேசியாவில் தகுதி பெற்றார்கள். நம் ஊர் ஓட்டுநரின் கையிலிருந்து இரண்டு பந்தயங்கள் நழுவின. அதற்கான காரணம் பிப்ரவரி மாதத்துச் சுற்று எண்ணிக்கையிலேயே எழுதியிருந்தது. அன்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையாவது அந்த எண்ணை அச்சிட்டிருந்தால், மெல்போர்ன் முடிவைப் பார்த்து அவரைக் குறை சொன்னவர்கள் கொஞ்சம் நிதானித்திருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இந்த ஆண்டு இவையெல்லாம் இன்னும் கடினமாகப் போகின்றன. காரும் இயந்திரமும் ஒருசேர மாறுகின்றன. மின் மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்கு உயர்கிறது, மொத்த வலுவில் ஏறக்குறைய பாதி இனி மின்சாரம். ஒரு சுற்றில் பேட்டரியை முழுதாகக் கொட்டித் தீர்த்தால் ஒரு நேரம் வரும். அடுத்த சுற்றுக்குச் சேமித்து ஓட்டினால் வேறு நேரம் வரும். எரிபொருள், டயர், தட வெப்பம் ஆகியவற்றோடு கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஒன்றும் சேர்ந்துவிட்டது. முன்னும் பின்னும் இறக்கைகள் ஓடும்போதே நிலை மாறும். பின்னிறக்கை மட்டும் திறக்கும் பழைய ஏற்பாடு போய்விட்டது. கேடிலாக் புதிதாக வருகிறது, சாபர் அணி ஆடி (Audi) அணியாக மாறுகிறது, மொத்தம் 11 அணி, 22 ஓட்டுநர். ஜனவரி இறுதியில் பார்சிலோனாவில் நடக்கும் ஓட்டத்துக்குப் பத்திரிகையாளர்களுக்கே அனுமதி இல்லை. அங்கிருந்து கசியும் ஒற்றைச் சுற்று நேரங்களைத் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள்.

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததும், நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதும் இந்தப் பக்கத்தைப் புரட்டுபவர்களைக் கூட்டியிருக்கின்றன. கோவை காரி தடத்தில் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு போட்டியிடுகிறார்கள். தங்கள் காரின் ஒவ்வொரு சுற்றையும் அளந்து திருத்தும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு முழு அளவையும் கொடுங்கள், அதற்கான தகுதி அவர்களுக்கு உண்டு.

நான் கேட்பதற்கு அதிக இடம் தேவைப்படாது. அன்றைய அட்டவணையில் ஓட்டுநர் பெயருக்கும் நேரத்துக்கும் பக்கத்தில், அந்தச் சுற்றை எந்த ரக டயரில் போட்டார், காலையிலா மாலையிலா, அன்று மொத்தம் எத்தனை சுற்று ஓடினார் என்று மூன்று கட்டம் சேருங்கள். இவை மூன்றும் அன்றன்றே வெளியாகும் தகவல்கள்தான். வேகத்தை வைத்து 1, 2, 3 என்று எண் போட வேண்டாம், அணி வாரியாக அச்சிடுங்கள். பந்தய ஒத்திகை ஓடியவர் யாராவது இருந்தால் அவருடைய சுற்று நேரங்களை, பத்துச் சுற்றானாலும் சரி, ஒரு பத்தியாகப் போடுங்கள். தலைப்பில் ஓட்டுநர் பெயர் வேண்டுமென்றால் அதிகச் சுற்று ஓடியவரின் பெயரைப் போடுங்கள். மெல்போர்ன் தகுதிச் சுற்று முடிந்த மறுநாள், பிப்ரவரியில் நீங்கள் அச்சிட்ட அட்டவணையை அந்த முடிவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறை அச்சிடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் வாசகர் கடிதங்களுக்கும் அந்த வாரம் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
அம்பத்தூர், சென்னை.